பாக்கி உள்ளவரை

அர்த்தநாரி செத்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. இன்னும் கடன் அடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

திருச்செங்கோட்டில் இதைக் கேட்டு யாரும் புருவம் உயர்த்துவதில்லை. முன்பெல்லாம் கடன் கழுத்தை நெரித்தால் ஒருவன் கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடுவான். இருப்பதை விற்று வந்ததைப் பங்கு போட்டுக்கொண்டு, கொடுத்தவர்கள் வயிற்றெரிச்சலோடு வீடு திரும்புவார்கள். புதிய நொடிப்புச் சட்டம் வந்த பிறகு மஞ்சள் கடுதாசியோடு இன்னொரு தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள். கடனாளியின் தலைக்குள் இருக்கும் தொழிலறிவைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம், அவன் இல்லாமல் போனாலும் கடன் தீரும்வரை அந்தப் பிரதியை வேலைக்கு விடலாம் என்றது அந்தத் தாள்.

பெரும்பாலானவர்களுடைய பிரதியை வாடகைக்குக் கேட்க ஆள் வரவில்லை. அர்த்தநாரி விஷயம் வேறு. மூன்று போர்வெல் வண்டி வைத்து ஓட்டியவர். பூமிக்குள் இறங்கும் கம்பியின் அதிர்வைக் கேட்டே கீழே இருப்பது முழுப்பாறையா, வெடிப்பா, தண்ணீரா என்று சொல்லிவிடுவார். அந்தக் காது இப்போது நாமக்கல்லில், கோர்ட் நியமித்த பொறுப்பாளரின் அலுவலகத்தில், ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. போர்வெல் கம்பெனி ஒன்று அதை வாடகைக்கு எடுத்திருந்தது; தண்ணீர் விழுந்த போருக்கு மட்டும் வாடகை. வண்டி எந்தக் காட்டில் நின்றாலும் ஒலிபெருக்கியில் அவர் குரல் வரும். "இன்னும் பத்தடி போங்க" என்பார். "நிறுத்துங்க, அவ்வளவுதான்" என்பார். வண்டி ஆட்கள் அவரைப் பெரியவர் என்றார்கள்.

அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் நாற்பத்தொரு பேர். நாற்பது பேருக்கு முழுசாகத் தீர்ந்துவிட்டது. மிஞ்சியவள் பூங்கொடி.

சங்ககிரி ரோட்டில் அவளுக்கு ஒரு பட்டறை இருந்தது. போர் போடும் வண்டியில் பாறையைத் துளைக்கும் இரும்பு முனைகளான பிட்டுகளைத் தீட்டிக் கொடுக்கும் பட்டறை. பிட்டின் முகத்தில் குமிழ் குமிழாகப் பதிந்து, பாறையைக் குத்திக் குத்தி மழுங்கிப்போன பட்டன்களை மறுபடி உருட்டி எடுப்பது நுணுக்கமான வேலை. புருஷன் போன பிறகு தனியாகவே செய்தாள். அர்த்தநாரி அவளுக்குத் தர வேண்டியிருந்தது நாலு லட்சத்து எழுபதாயிரம். அவளிடம் சரியான ரசீது இல்லையென்று கோர்ட் மூன்று வருடம் இழுத்தடித்ததால் வரிசையில் கடைசியாகப் போய்விட்டாள். இப்போது அறுபத்திரண்டாயிரம்தான் நின்றது. ஆனால் மாதம் பன்னிரண்டாயிரமாக வந்துகொண்டிருந்த தவணை இரண்டு வருடமாகச் சுருங்கிச் சுருங்கி ஆயிரத்தைந்நூறுக்கு வந்திருந்தது.

அந்த ஆயிரத்தைந்நூறு எதற்கும் பத்தாது. அவளும் பட்டறையின் பேரில் ஒரு பைனான்சில் ஆறு லட்சம் வாங்கியிருந்தாள். பங்குனிக்குள் கட்டாவிட்டால் மஞ்சள் கடுதாசிதான். அப்புறம் அந்த இன்னொரு தாள்.

ஐப்பசியில் ஒருநாள் கம்பெனி வண்டியின் டிரில்லர் கதிரேசன் நாலு பிட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினான்.

"எந்த ஊர்ல ஓடுச்சு இது?"

"கருங்கல்காடுங்கக்கா. போர் பெயிலு. எழுநூறு அடியோட நிறுத்தியாச்சு."

பூங்கொடி ஒரு பிட்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினாள். தண்ணீரில்லாத முழுப்பாறையில் ஓடிய பிட்டு என்றால் பட்டன்கள் எல்லாம் ஒரே சீராக, கண்ணாடி போலத் தேய்ந்திருக்கும். காற்றுத் துளையில் சாம்பல் மாதிரித் தூசி இருக்கும். இதில் ஓரத்துப் பட்டன்கள் மட்டும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தன. துளைக்குள் மஞ்சளாகச் சேறு இறுகிக் கிடந்தது. வெடிப்பின் விளிம்பைத் தொட்டிருக்கிறது. கீழே வெடிப்பில் தண்ணீர் நிற்கிறது.

"ஈரம் வந்துச்சாப்பா?"

கதிரேசன் யோசித்தான். "லேசாத் தட்டுச்சுங்க. பெரியவருதான் இதுக்கு மேல முழுப்பாறை, காசு தெண்டம்னு சொல்லீட்டாரு. பாவம், ஆட்டுப்பட்டியே வித்து போர் போட்டாங்கக்கா. அந்தப் பொம்பள வண்டி டயரப் புடிச்சுக்கிட்டு அழுவுது."

அவன் போன பிறகு பூங்கொடி மூலையில் கிடந்த பழைய பிட்டுகளைப் புரட்டினாள். போன மாதம் வந்தவை, அதற்கு முந்தைய மாதம் வந்தவை. எல்லாம் பெயிலான போர்கள். ஒவ்வொன்றின் துளையிலும் அதே மஞ்சள் சேறு. இத்தனை நாள் அந்த மனுஷனுடைய காது மழுங்கிவிட்டது என்றுதான் எண்ணியிருந்தாள். காது மழுங்கவில்லை. செத்துப்போன ஒருவர் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மறுநாளே மனு எழுதிக்கொண்டு நாமக்கல் அலுவலகத்துக்குப் போனாள். தீட்ட வந்த பிட்டுகளைப் பார்த்ததில் கடனாளியின் வாக்கில் ஐயம் ஏற்படுகிறது, நேரில் விசாரிக்க அனுமதி வேண்டும் என்று.

பொறுப்பாளர் தேவசேனாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. மனுவை இரண்டு முறை படித்தாள்.

"கடனாளியை விசாரிக்க உங்களுக்கு உரிமை இருக்கும்மா. பதினோரு வருஷத்துல நீங்கதான் முதல் ஆள். உள்ள பேசறது பதிவாகாது. இந்த மனுவோட நகல் மட்டும் வாடகைக்கு எடுத்த கம்பெனிக்குப் போகும்."

"ஒண்ணு கேக்கறனுங்க மேடம். எம்பட பாக்கி தீந்தப்பறம் அவர என்ன பண்ணுவீங்க?"

"அன்னிக்கு சாயங்காலமே அழிச்சுடுவோம். கடன் இல்லாத ஒருத்தரை ஒரு நிமிஷம்கூட வேலை வாங்கக் கூடாது. கொத்தடிமை வச்ச குத்தமாயிடும். சட்டத்துல இதுக்கு விடுதலைன்னு பேரு."

"அது அவருக்குத் தெரியுமுங்களா?"

"அதுல தொழில் மட்டும்தாம்மா இருக்கு. ஆள் இல்லை." தேவசேனா எழுந்து ஒரு கதவைத் திறந்துவிட்டாள்.

ஜன்னலில்லாத அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, பீரோ உயரத்துக்குப் பெட்டி. அதற்குள் காற்றாடிகள் இரைந்தன. பூங்கொடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

"யாருங்க?" என்றது பெட்டி.

அதே குரல். அதே இழுவை. சளி பிடித்த மூக்கோடு பேசுகிற மாதிரி இருந்தது.

"பூங்கொடிங்ணா. பிட்டுப் பட்டறை."

"அம்மிணிங்களா." கொஞ்சம் இடைவெளி விட்டு, "உங்குளுது எத்தன நிக்குது?" என்றார்.

"அறுவத்திரண்டாயிரம். சளி புடிச்சிருக்குதுங்களா?"

"ஆசுபத்திரில பிரதி எடுத்தன்னிக்கு இருந்துச்சுங்க. அதையும் சேத்து எடுத்துட்டாங்க. பதினோரு வருசமா வுட மாட்டீங்குது."

தொழில் மட்டும்தான் இருக்கிறதென்று அந்த அம்மா சொன்னது பூங்கொடிக்கு நினைவு வந்தது. கேட்டுவிட்டுப் போய்விட வேண்டும் என்று அவசரப்பட்டாள்.

"கருங்கல்காட்டுல எழுநூறு அடில நிறுத்தச் சொன்னீங்க. கீழ தண்ணி இருந்துச்சுங்களா, இல்லீங்களா?"

காற்றாடிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"இருந்துச்சுங்க."

"இதாட்ட எத்தன ஊருல?"

"முப்பத்தியாறு."

"ஆடு மாட்ட வித்துப் போர் போட்டவீங்கண்ணா அவீங்கெல்லாம்."

"தெரியுமுங்க. வண்டில மைக்கு இருக்குதல்ல. அழுவறது எனக்கும் கேக்குது."

"அப்பறம் ஏனுங்க இப்படி?"

"பயம் அம்மிணி."

அதற்குப் பிறகு அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அஞ்சு மணிக்கு என்ன நிறுத்துவாங்க. காத்தால எட்டு மணிக்கு எழுப்பி வுடுவாங்க. நடுவுல ஒண்ணுமில்லீங்க. தூங்குனா தூங்குனோம்னாவது இருக்கும். இது இருட்டுக்கூட இல்ல. அஞ்சு மணிக்குப் பேசுன பேச்சு பாதில அறுந்து கெடக்கும், மிச்சத்த மக்யா நாளு எட்டு மணிக்குப் பேசுவேன். தெனமும் நாலே முக்காலாச்சுன்னா எனக்கு ஆரம்பிச்சுருமுங்க. கையி காலு இருந்தா ஒதறல் எடுத்திருக்கும். உங்க பணம் முழுசும் தீந்த அன்னிக்கு எட்டு மணி வராது. அதான் மெதுவாக் கட்டலாம்னு…"

அவரே பழைய கதைக்குப் போனார்.

"மஞ்சக் கடுதாசி குடுக்கறதுக்கு முன்னால கடன் குடுத்தவங்களையெல்லாம் மண்டபத்துல கூட்டி, ரூவாய்க்கு முப்பத்தஞ்சு பைசா தர்றேன்னு எல்லார் கால்லயும் வுழுந்தேன். நாப்பது பேரு சரின்னாங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்னு சட்டம். நீங்க போடல."

இது வரும் என்று எதிர்பார்த்தே வந்திருந்தாள். "எம்பட வூட்டுக்காரரு போயி ஒரு மாசங்கூட ஆவுலீங்க அப்ப. பேங்குக்காரன் லேத்தத் தூக்கறதுக்கு வாசல்ல நிக்கறான்."

"குத்தம் சொல்லலீங்க. நீங்க போட்டிருந்தா நான் அன்னிக்கே கடன் தீந்தவன். செத்தாலும் செத்தவனா இருந்திருப்பேன். இந்தப் பதினோரு வருசம் உங்களால வந்துது. நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அவள் எழுந்தாள். வெளியே போய் அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னால் போதும். பொய் நின்றுவிடும், பணம் வந்துவிடும், பங்குனி பயம் போய்விடும். கதவுக் குமிழில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் அந்த மூக்கடைத்த குரல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் போய்ச் சொல்லியிருப்பாள்.

வெளியே வந்து தேவசேனாவிடம் வேறொன்று கேட்டாள். "நான் பணத்த வாங்க மாட்டேன்னு சொன்னா என்னாகுங்க?"

"பழைய கடன்னா நீங்க வாங்கலைன்னாலும் கோர்ட்டுல கட்டிட்டு மூடிடுவோம்மா. பிரதியை ஓட்டறதுக்கான செலவு, கரண்டு, பிட்டுக் கூலி மாதிரி, அது மட்டும்தான் வேற. அதுக்கு வேலை செஞ்சு கொடுத்தவங்க கையால ரசீது வந்தாத்தான் கணக்கு மூடும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னுங்க," என்றாள். திரும்ப உள்ளே போனாள்.

"அண்ணா, பிட்டு ஒண்ணு தீட்டக் கூலி அறுநூத்தம்பது. இனி கம்பெனி பேருல போடாம உங்க பேருல ஒரே ஒரு பில்லு போட்டு இங்க பதிஞ்சு வெக்கறேன். அதுக்கு மட்டும் ரசீது தர மாட்டேன். அது நிக்கறவரைக்கும் உங்கள மூட முடியாது. ஆனா ஒரு சொட்டுத் தண்ணியக்கூட இனிமேல்ப்பட்டு நீங்க மறைக்கப்படாது. மறைச்சீங்கன்னா அடுத்த பிட்டுல எனக்குத் தெரிஞ்சுபோயிரும்."

"சரிங்க அம்மிணி" என்றது குரல். அழுகிற மாதிரி இருந்தது. சளியாகவும் இருக்கலாம்.

பெரியவர் சொன்ன சொல் தவறவில்லை. பெயிலான துளைகளை ஒவ்வொன்றாக மறுபடி இறக்கச் சொன்னார். கார்த்திகையில் கருங்கல்காட்டில் தண்ணீர் மேலே பீய்ச்சியடித்தது. தை முடிவதற்குள் இருபது ஊருக்கு மேல் ஆகிவிட்டது. பூங்கொடியின் அறுபத்திரண்டாயிரமும் வந்து சேர்ந்தது. அதோடு கையிலிருந்ததையும், நகையை விற்றதையும் சேர்த்துப் பைனான்சில் கட்டினாள். இன்னும் மூன்று லட்சத்து எண்பதாயிரம் நின்றது. நாமக்கல் அலுவலகப் பதிவேட்டில் அர்த்தநாரியின் பேரில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. பிட்டு தீட்டிய கூலி, அறுநூற்றைம்பது.

பங்குனி பிறந்து நாலாம் நாள் கம்பெனியிலிருந்து யுவராஜ் என்பவன் வந்தான். இஸ்திரி குலையாத சட்டை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"அக்கா, உங்க அறுநூத்தம்பது ரூவா பில்ல எங்களுக்கு மாத்திக் குடுங்க. இருவது லட்சம் தர்றோம்."

பூங்கொடி சாணைக்கல்லை நிறுத்தினாள். "அத வெச்சு என்ன பண்ணுவீங்க தம்பி?"

"நீங்க பண்றதத்தாங்கக்கா நாங்களும் பண்ணுவோம். ரசீது போட மாட்டோம்."

"எத்தன வருசத்துக்கு?"

"மனுசங்கதான் சாவாங்க. கம்பெனி சாகாதுங்கக்கா." சாதாரணமாகத்தான் சொன்னான். "அவருக்கும் நல்லதுதான? ஆனா அஞ்சு மணிக்கு நிறுத்தறது, கடன் கொடுத்தவங்க விசாரணை, இதெல்லாம் இருக்காது. கடன் கொடுத்தவங்களே நாங்கதான. ராப்பகலா ஓட்டலாம். நூறு வண்டிக்கு நூறு பிரதி போடலாம்."

"முடியாதுன்னு சொன்னா?"

அவன் சங்கடப்பட்டவன்போல் தலையைச் சொறிந்தான். "உங்க பைனான்ஸ் கடன நாங்க போன வாரம் வாங்கீட்டோம். பத்து நாள்ல மூணு எண்பது கட்டணும். முடியலைன்னா மஞ்சக் கடுதாசி. அப்ப பட்டறை, லேத்து, உங்களுக்கு வர வேண்டிய பாக்கி எல்லாத்தையும் கோர்ட் ஏலம் போடும். அந்த அறுநூத்தம்பது பில்லும் அதுல வரும். நாங்க ஏலத்துல எடுத்துக்குவோம். மிரட்டறேன்னு நெனைக்காதீங்க. சட்டம் அப்படின்னு சொல்றேன்."

அவன் போன பிறகு அன்றைக்கு அவளால் ஒரு பிட்டைக்கூடத் தொட முடியவில்லை. இருபது லட்சம் என்று ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். கடன் போக மீதியில் உட்கார்ந்து சாப்பிடலாம். பிறகு அந்த ஜன்னலில்லாத அறை கண்ணுக்குள் வந்தது. நூறு அறை. நூறு மூக்கடைத்த குரல்.

நாமக்கல் பஸ் ஏறியபோது மணி இரண்டரை. அறைக்குள் நுழைந்ததும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இருவது லட்சமா," என்றார் கடைசியில். "கடைசிக் காலத்துல ஒருத்தனும் எனக்கு இருவதாயிரம் நம்பிக் குடுக்கல."

"என்ன பண்ணட்டும்னு நீங்களே சொல்லுங்ணா. எனக்கு ஒண்ணும் தோண மாட்டீங்குது."

"ராத்திரியிலயும் நிறுத்த மாட்டாங்களாமா?"

"மாட்டாங்களாமா."

"எட்டு மணின்னு ஒண்ணே இருக்காது."

"இருக்காதுங்ணா."

காற்றாடிகள் இரைந்தன. "இப்ப மணி எத்தனைங்க?"

"நாலு பத்து."

"அந்த அறுநூத்தம்பத வாங்கிக்குங்க அம்மிணி."

"பயம் போயிருச்சுங்களா?"

"இல்லீங்க. அது எங்க போகும். ஆனா நீங்க இப்ப சொன்னது அதவிடப் பெரிய பயமா இருக்குது. போய்ட்டு வெரசா வாங்க. நாலே முக்காலுக்குத் தனியா இருக்க முடியாது."

தேவசேனா ரசீதுப் புத்தகத்தை நீட்டும்போது பூங்கொடியின் முகத்தைப் பார்த்தாள். பூங்கொடி கையெழுத்துப் போட்டாள். ஆறு நூறும் ஒரு ஐம்பதுமாக வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு திரும்ப உள்ளே போனாள்.

நாலே முக்காலுக்கு அவர் குரல் மாறியது. வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று இடறின. "ஏதாவது பேசுங்க அம்மிணி. எதையாச்சும் பேசுங்க."

என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கருங்கல்காட்டுக்குப் போய்வந்த கதையைச் சொன்னாள். அந்தப் பொம்பளை குழாய்க்குக் கற்பூரம் காட்டியதை, குழந்தைகள் சேற்றில் புரண்டதை, மறுபடி நாலு ஆடு வாங்கிவிட்டதைச் சொன்னாள். மேசைமேல் கையை விரித்து வைத்திருந்தாள், பிடித்துக்கொள்ள அங்கே யாரோ இருப்பதுபோல.

"எழுநூத்திமுப்பது அடில தண்ணி வந்துச்சாமாங்ணா."

"முப்பதா?" அந்தக் குரலில் பழைய வண்டிக்காரரின் கண்டிப்பு வந்தது. "யாரு சொன்னா முப்பதுன்னு? இருவத்தெட்டுங்க. எழுநூத்தி இருவத்தெட்டுல வெடிப்பு, அங்கிருந்து தெக்கால சாஞ்சு ஒரு பெரிய…"

காற்றாடிகள் நின்றன. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

பத்து நாளுக்குள் மூன்று லட்சத்து எண்பதாயிரம் புரள வழியில்லை. ஒன்பதாம் நாள் காலை யுவராஜ் வந்தான். கத்துவான் என்று பயந்துகொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, முன்போலவே மரியாதையாக உட்கார்ந்தான்.

"பெரியவரு போனது எங்களுக்கு நஷ்டம்தாங்கக்கா. உங்க மேல கோவமில்ல." பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். ஐப்பசியில் அவள் தன் கையால் எழுதிய மனுவின் நகல். "ரெண்டு வருசமா எங்க இன்ஜினியருங்க யாராலயும் கண்டுபுடிக்க முடியல. நீங்க பிட்டப் பாத்தே சொல்லியிருக்கீங்க."

அதே பையிலிருந்து ஓடித் தேய்ந்த பிட்டு ஒன்றை எடுத்து அவள் மேசைமேல் வைத்தான்.

"இது ஓடுன எடத்துல கீழ என்ன இருக்குதுங்கக்கா? சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு."

பூங்கொடி அதைக் கையில் எடுத்தாள். இரண்டு பட்டன் உள்வாங்கியிருந்தது. காற்றுத் துளையின் விளிம்பில் செம்பழுப்பாக ஒரு கோடு. அறுநூறு அடிக்குக் கீழே, சரிந்த வெடிப்பு. தண்ணீர் நிறைய. திருப்பிப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது.

யுவராஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் கடுதாசியோடு வரும் அந்த இன்னொரு தாள் அவளுக்கு நினைவு வந்தது.

"தெரியலீங்க தம்பி," என்றாள்.